பூஜ்யங்களும் பன்னிரண்டு மணி மின்வெட்டும்

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கேட்பவர் மேல் அல்ல, பதில் சொல்லத் தெரியாத என் மேல். 2012 தொடக்கத்தில் சிதம்பரத்துக்குக் குடிவந்தபோது தெருவில் எல்லோரும் கேட்டார்கள். ஒரு பெண் வெளியே எங்கும் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருக்கிறாள், அதற்கு மாதாமாதம் சம்பளமும் வருகிறது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எதிர்வீட்டு அம்மா நான் டேட்டா என்ட்ரி செய்கிறேன் என்று தானாகவே முடிவுகட்டி, தன் தங்கை மகளுக்கும் கொஞ்சம் வாங்கித் தரச் சொன்னார்.

என் கணவர் மட்டும் சுலபமாகச் சொல்லிவிடுவார். "அவ ஒண்ணுமில்லாததப் பாக்கறதுக்குச் சம்பளம் வாங்குறா. இந்த ஊருக்குப் பொருத்தமான வேலதான்" என்பார். திரையை விலக்கி வெறும் வெளியைக் காட்டும் கோயில் இருக்கிற ஊர் ஆயிற்றே, கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவர் சொன்னது உண்மை. அந்த மாதங்களில் நான் பார்த்துக்கொண்டிருந்தது பூஜ்யங்களைத்தான்.

கம்பெனி பெங்களூரில் இருந்தது. கல்யாணத்துக்கு முன் அங்கேயே தங்கி வேலை பார்த்தேன். கணவருக்குக் கடலூரில் அரசு வேலை என்பதால் கல்யாணமானதும் மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்தோம். வேலையை விட வேண்டாம், வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று என் மேலாளர் பெரிய மனது பண்ணினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, 2011 கடைசியில் அந்தப் புயல் வரும்வரை. எங்கள் தெருவில் ஒரு கம்பம் நேராக நிற்கவில்லை. வாரக்கணக்கில் கரண்டு கிடையாது, நெட் கிடையாது. மாடி வீட்டின் ஷீட்டுக் கூரை எந்தத் தெருவில் போய் விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. வேறு வழியில்லாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

மாமியார் காலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மாமா தனியாகத்தான் இருந்தார். ஈ.பி.யில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் வந்ததில் அவருக்குச் சந்தோஷம், மூன்று வயதுப் பேத்தி வந்ததில் அதைவிடச் சந்தோஷம். கணவர் காலையில் பஸ் ஏறிக் கடலூர் போய் இருட்டும் நேரத்தில் திரும்புவார். பகல் முழுக்க வீட்டில் மாமாவும் நானும் குழந்தையும்தான்.

பெட்டியைப் பிரித்து அடுக்குவதற்குள் மேலாளரிடமிருந்து போன். புயலில் நான் காணாமல் போனது மேலிடத்துக் காதுக்கு எட்டிவிட்டதாம். வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோரும் பெங்களூருக்கே வந்துவிட வேண்டும் என்று பேச்சு நடக்கிறதாம். ஒரு ரிவ்யூ தருகிறேன், தனியாக இருந்துகொண்டே இதை உருப்படியாகச் செய்து காட்டினால் உங்களை மட்டும் விட்டுவிடும்படி நான் பேசிப் பார்க்கிறேன் என்றார். அவருக்கு அது ஒரு சின்ன விஷயம். கணவருக்குக் கர்நாடகத்துக்கு மாற்றல் என்பது நடக்காத காரியம். குழந்தையை விட்டுவிட்டு என்னால் போக முடியாது. நான் போக வேண்டியிருந்தால் இவர் ஒரு மூலையில், நானும் குழந்தையும் ஒரு மூலையில். அந்த ரிவ்யூவில் மாட்டிக்கொண்டிருந்தது எங்கள் குடித்தனம்.

ரிவ்யூ என்றால் இன்னொருவர் எழுதிய மாற்றத்தைப் படித்துப் பார்த்து, சரியா தவறா என்று சொல்வது. சரி என்றால் "படித்துப் பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதி அதில் நம் பெயரைப் போட வேண்டும். அந்த வரி அந்தப் புரோகிராமோடு காலத்துக்கும் இருக்கும். நாளைக்கு ஏதாவது குட்டிச்சுவராகப் போனால் முதலில் பார்ப்பது யார் எழுதினார்கள் என்பதை, அடுத்துப் பார்ப்பது யார் படித்தார்கள் என்பதை.

எனக்கு வந்த மாற்றம் டிஸ்க்கில் ஃபைல் நீளும்போது நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றியது. ஒரு ஃபைல் முடிகிற இடத்துக்கு அப்பால், கொஞ்சம் இடம் விட்டுத் தள்ளிப் போய்ப் புதிதாக எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் எழுதாத இடம் இருக்கிறதே, அதைப் படித்தால் பூஜ்யங்கள்தான் வர வேண்டும். ஆனால் டிஸ்க்கில் காலி இடம் என்பது பெயருக்குத்தான். முன்பு வேறு யாரோ எழுதி அழித்தது அங்கே அப்படியே கிடக்கும். பழைய குடித்தனக்காரர் காலி செய்த வீடு மாதிரி. சுவரில் அவர் பிள்ளை கிறுக்கியது, கரியில் எழுதிய போன் நம்பர் எல்லாம் இருக்கும். புதிதாக வருகிறவருக்குச் சாவி கொடுக்கும் முன் வெள்ளையடித்துவிட வேண்டும். பூஜ்யம் எழுதுவது அந்த வெள்ளையடிப்பு.

அதுவரை ஃபைலை நீட்டும்போதே நின்று வெள்ளையடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அதனால் எல்லாம் மெதுவாகிறது, எங்கே அடிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக அடித்துக்கொள்ளலாம் என்று மாற்றியிருந்தார் ஒருவர். பூஜ்யங்கள் டிஸ்க்குக்குப் போன பிறகுதான் ஃபைலின் புது நீளம் போகும், அந்த வரிசை ஒருநாளும் மாறாது என்று உறுதியும் எழுதியிருந்தார். மாறிவிட்டால் ஆபத்து. நீளம் முதலில் போய், பூஜ்யம் போவதற்குள் கரண்டு நின்றுவிட்டால் ஒருவர் அழித்தது இன்னொருவர் ஃபைலில் வந்து நிற்கும். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் அப்படி நடந்தால் ஒரு நோயாளியின் விவரம் இன்னொருவர் ஃபைலில் இருக்கும்.

முதல் தடவை படித்தபோது எல்லாம் புரிந்தது. இரண்டாம் தடவை படித்தபோது பாதி புரிந்தது. அதற்குப் பிறகு தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலில் நீட்டியதற்கான பூஜ்யங்கள் இன்னும் போகாமல் காத்திருக்கும்போதே அதே ஃபைலை மறுபடியும் நீட்டினால் வரிசையை யார் காப்பாற்றுகிறார்கள்? புரோகிராமில் ஃபங்ஷன் என்று சொல்லும் துண்டு ஒவ்வொன்றும் நான் இல்லை, அவர் பார்த்துக்கொள்வார் என்று அடுத்ததைக் கைகாட்டியது. கைகாட்டிய இடத்துக்கெல்லாம் போனேன். கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றேன். கணவரிடம் சொன்னால், "எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான். நீ ரொம்ப ஆச்சரியப்படாத" என்றார். அன்றைக்கு அவர் தட்டில் ரசத்தை ஊற்றிய வேகத்தில் பாதி தரையில் போயிற்று.

மாற்றத்தை எழுதியவர் வெளிநாட்டுக்காரர், இந்த வேலையில் பெரிய பெயர் எடுத்தவர். எனக்கு முன் படித்த மூன்று பேர் சரி என்று பெயர் போட்டுவிட்டார்கள். சந்தேகம் கேட்டு நான் அனுப்பிய முதல் மெயிலுக்கு, அந்த ஃபங்ஷனை இன்னொரு முறை படியுங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. படித்தேன். நான்தான் மக்கோ, அல்லது உண்மையிலேயே ஓட்டை இருக்கிறதோ என்று தெரியவில்லை. குழப்பத்தில் இருக்கிறவளுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். படித்துத் தீராததைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

கம்பெனி கொடுத்த ஒரு டெஸ்க்டாப் இருந்தது. அதை ஹாலில் வைத்தேன். டிஸ்க் முழுக்க "கடலூர் கடலூர்" என்று எழுதி நிரப்பி அழித்தேன். பழைய குடித்தனக்காரருக்கு ஏதாவது ஒரு பெயர் வேண்டும், அப்போது எனக்கு மனதில் இருந்தது அந்த ஊர்தான். பிறகு ஃபைல்களை ஓயாமல் நீட்டிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். அது ஓடும்போதே கரண்டை நிறுத்த வேண்டும். திரும்ப வந்ததும் கம்ப்யூட்டர் தானாக எழுந்து, எந்த ஃபைலிலாவது கடலூர் தெரிகிறதா என்று தேடிச் சொல்லும்.

முதல் நாள் சுவரில் இருந்த சுவிட்சை நானே படக்கென்று அணைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமா பதறி எழுந்து வந்துவிட்டார். ஓடுகிற மிஷினை இப்படியா நிறுத்துவது, ஈ.பி.காரன் வீட்டில் இது நடக்கலாமா என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்தால் நான் மாட்டைக் கட்டையால் அடித்தது போல இருந்தது. அவர் வீட்டில் இருந்துகொண்டு அவருக்குப் பிடிக்காததை எதற்குச் செய்வானேன் என்று விட்டுவிட்டேன். கரண்டை நிறுத்துவதற்கு அந்த வருஷம் தமிழ்நாட்டில் யாரும் சிரமப்பட வேண்டியதே இல்லை. எங்கள் பகுதியில் பகல் பன்னிரண்டு மணி வாக்கில் போனால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். காலையில் புரோகிராமை ஓடவிட்டுவிட்டு, பன்னிரண்டு மணிக்குக் கால் மணி நேரம் முன்பே குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விடுவேன். மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். ஊரே திட்டிக்கொண்டிருந்த மின்வெட்டை நான் ஒருத்திதான் ஆவலோடு எதிர்பார்த்தேன்.

தினமும் பார்த்தேன். ஒரு ஃபைலிலும் கடலூர் இல்லை. எல்லாம் சுத்தமான பூஜ்யம். படித்தால் தப்பாகத் தெரிகிறது, சோதித்தால் சரியாக வருகிறது. எதை நம்புவது? மேலாளர் போன் மேல் போன் போட்டார். எல்லாச் சோதனையும் தேறிவிட்டதே, பெயரைப் போட்டு அனுப்ப வேண்டியதுதானே, நீங்கள் இழுக்க இழுக்க இங்கே எனக்குப் பேசுவது கஷ்டமாகிறது என்றார். எனக்கும் ஆசைதான். பெயரைப் போட்டால் வேலை முடிந்தது, ஊரிலேயே இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற கேஸ் ஆகிவிட்டேனோ என்று என்மேலேயே சந்தேகம் வந்தது.

வேறு வேலை ஓடாமல் ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் எழும்போது எழுதும் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கரண்டு நின்று விழுந்த கம்ப்யூட்டர் மறுபடி எழுந்தால், விட்ட குறையைச் சரிசெய்கிறேன் என்று டிஸ்க்கைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி இல்லை. முந்தைய நாளும் இல்லை. அதற்கு முந்தைய நாளும் இல்லை. அது தினமும் நிம்மதியாகப் படுத்துத் தூங்கி நிம்மதியாக எழுந்திருந்தது. கரண்டு போனது ஊருக்கே தெரியும், இதற்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? என் லேப்டாப்புக்கும் நெட்டுக்கும் மட்டும் போட்டிருந்த இன்வெர்ட்டர் லைனில் சொருகிவிட்டேனோ என்று ஸ்டூல் போட்டு ஏறி ஒயரைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். இல்லை. இந்த வீட்டில் ஏதோ காத்து கருப்பு இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். பாதி விளையாட்டாகத்தான் சொன்னேன்.

மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. அவளை உள்ளறையில் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் செல்போன் அடித்தது. "சரிப்பா, சரிப்பா" என்று வைத்தார். பேப்பரை நான்காக மடித்தார். ஹாலுக்குப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, டெஸ்க்டாப்பின் பட்டனை ஒரே ஒருமுறை பதமாக அமுக்கினார். புரோகிராம்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் அடங்கியது. அது அடங்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சற்று நேரத்தில் ஃபேன் நின்றது.

"என்ன மாமா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"கரண்டு போவப் போவுதுன்னு சப்ஸ்டேஷன்லேருந்து நம்ம பழைய ஆளு சொல்லிடுவாரும்மா. நீ புள்ளயக் கூப்புடப் போயிடுற, மிஷினு பாட்டுக்கு ஓடிக்கினு கெடக்குது. பொசுக்குனு கரண்டு நின்னா கெட்டுப்பூடும் இல்ல? அதான் நானே தெனமும் அணைச்சு வெக்கிறேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாள் சோதித்தது அந்த வெளிநாட்டுக்காரரின் மாற்றத்தை அல்ல, மாமாவின் நல்ல மனதை. அது ஒவ்வொரு நாளும் தேறியிருந்தது. வேறு எந்த ஊரில், எந்த மாமனார், சப்ஸ்டேஷனில் ஆள் வைத்து மருமகளின் சோதனையைக் கெடுப்பார்? உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கெட்டுப்போகிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை, அதற்குத்தான் இதை வைத்திருக்கிறேன் என்றேன். நாற்பது வருஷமாகக் கரண்டு நிற்காமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கியவருக்கு அது எப்படிப் போய் இறங்கியிருக்கும் என்று இப்போது நினைத்தால் தெரிகிறது. சரிம்மா, இனிமேல் தொடவில்லை என்று மட்டும் சொன்னார்.

தொடவில்லைதான். ஆனால் கண்ணால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் அவரால் முடியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதும், இனிமேல் நானே போய்க் கூட்டிவருகிறேன் என்று பன்னிரண்டு மணிக்கு முன்பே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தாத்தாவும் பேத்தியும் வெயிலில் நேராக வீட்டுக்கு வரமாட்டார்கள். கோயில் யானை, பஸ் ஸ்டாண்டு, ரோஸ் மில்க் கடை என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். சோறு ஊட்டுவதும் தூங்கவைப்பதும்கூட அவர் பொறுப்பாகிவிட்டது. குழந்தை என்னைத் தேடுவது குறைந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை என்றே சொல்ல வேண்டும்.

நான் ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திடீரென்று சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு மத்தியானம் கரண்டு வந்து, கம்ப்யூட்டர் எழுந்து, விட்ட குறையைச் சரிசெய்கிறேன் என்ற வரியை எழுதி, ஒரு ஃபைலின் பெயரைச் சொன்னது. திறந்தேன். பூஜ்யம், பூஜ்யம், அப்புறம் திரை கொள்ளாமல் "கடலூர் கடலூர் கடலூர்".

அப்போதும் எனக்குத் தெளியவில்லை. டிஸ்க் பழசோ, நான் எழுதிய புரோகிராமே தப்போ என்று குழம்பினேன். வேறு டிஸ்க் போட்டுப் பார்த்தேன். மறுபடியும் வந்தது. இரண்டாம் முறை நீட்டியபோது, காத்திருந்த பூஜ்யங்களை மறந்துவிட்டுப் புது நீளம் மட்டும் முந்திக்கொண்டு போயிருந்தது. நான் சந்தேகப்பட்ட அதே இடம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, நான் சொல்வது தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளத் தயார் என்று கடைசியில் ஒரு பயத்தையும் சேர்த்து அனுப்பினேன். நீங்கள் சொல்வது சரி, நான் கவனிக்கவில்லை, மாற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அந்த வெளிநாட்டுக்காரரிடமிருந்து பதில் வந்தது. கணவர் இரண்டு முழம் மல்லிகையும் கால் கிலோ அல்வாவும் வாங்கிவந்தார். மருமகள் வெள்ளைக்காரனையே தப்பு என்று சொல்லிவிட்டாள் என்று மாமா எதிர்வீட்டில் போய்ச் சொன்னார். இனி எங்கும் போக வேண்டாம் என்ற நினைப்பில் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த வாரமே மேலாளர் கூப்பிட்டார். மேலிடத்தில் என் பெயர்தான் அடிபடுகிறது என்றார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு மின்வெட்டைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, இதே சோதனையை நாள் முழுக்கச் செய்ய பெங்களூரில் ஒரு லேப் போடுகிறோம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், கரண்டை நிறுத்தி நிறுத்திப் போட ஒரு மிஷின், அதை நடத்த உங்களைத் தவிர ஆள் இல்லை, ஜூன் மாதம் வந்துவிடுங்கள் என்றார். வீட்டிலிருந்தே செய்ய எனக்காகப் பேசுவதாகச் சொன்னீர்களே என்றேன். அது சாதாரண ஆளாக இருந்தால், உங்களை எப்படி அங்கே விட்டுவைப்பது என்றார். வாழ்த்தும் சொன்னார். தேறாவிட்டாலும் பெங்களூர், தேறினாலும் பெங்களூர். பிறகு எதற்கு இந்தப் பரீட்சை?

வேலையை விட்டுவிடலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். விட மனம் வரவில்லை. லேப் என்றதும் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. போக வேண்டாம் என்று தவித்தவளும் நான்தான், சந்தோஷப்பட்டவளும் நான்தான். எது நிஜம் என்று கணவர் கேட்டார். தெரியவில்லை என்றேன். போய்ப் பார், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன் என்றார் அவர். அதற்கும் அழுகை வந்தது.

மாமாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. குழந்தையைக் கூட்டிவந்து, ஊட்டி, மடியிலேயே தூங்கவைத்துவிட்டு, ஃபேன் ஓடாத ஹாலில் பேப்பரை மடித்து அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தார். நானும் குழந்தையும் ஜூனில் போகிறோம் என்று சொன்னேன். விசிறுவதை நிறுத்தவில்லை.

"அப்ப நீ பாஸுதானம்மா?"

"பாஸ்தான் மாமா."

ஹாலின் மூலையில் கரண்டு இல்லாமல் நின்ற டெஸ்க்டாப்பை அவர் பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார்.

"நான் பேசாம அந்தப் பட்டனை அமுக்கிக்கினே இருந்திருக்கலாம்."

அது தப்பு, யாரோ ஒருவர் அழித்தது இன்னொருவர் கையில் போய் மாட்டியிருக்கும் என்று வேலை தெரிந்தவளாக நான் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அத்தனை மாதக் குழப்பத்தில் எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே விஷயமும் அதுதான்.

"அமுக்கியிருக்கலாம் மாமா" என்றேன்.